விகர்ணா, உனக்குப் பட்ட கடன்

அன்புள்ள விகர்ணா,

உனக்கு யாரும் கடிதம் எழுதியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கர்ணனுக்கு எங்கள் ஊரில் திரைப்படமே இருக்கிறது. திரௌபதிக்குக் கோயில் இருக்கிறது. கௌரவர்களில் ஒருவனான நீயோ மகாபாரதத்தில் நூற்றுவர் என்ற ஒரே சொல்லுக்குள் கிடக்கிறாய். துரியோதனன், துச்சாதனன் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் தொண்ணூற்றெட்டுப் பேரையும் தம்பிமார் என்று தள்ளிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அந்தத் தம்பிமாரில் ஒருவனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. எந்தப் பக்கம் அடி வைத்தாலும் ஏதாவது ஒரு கடமை காலடியில் மிதிபடும் என்ற நிலை வரும்போது மனிதன் என்ன செய்வான் என்பதை, தத்துவ நூல்கள் சொன்னதைவிட நீ எனக்கு அதிகமாகக் காட்டினாய். அதை உன்னிடமே சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

விகர்ணா, முதல் கடன் நீ எழுந்து நின்றதற்கு. அத்தினாபுரத்துச் சபையில் அன்று யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்! உன் தந்தை, பாட்டனார் பீஷ்மர், வில் கற்றுக்கொடுத்த துரோணர், கிருபர், சிற்றப்பா விதுரர். எல்லோரும் உன்னைவிட மூத்தவர்கள், உன்னைவிடக் கற்றவர்கள். சூதாட்டத்தில் தருமன் தன்னையும் திரௌபதியையும் பணயம் வைத்துத் தோற்றிருந்தான். திரௌபதி கேட்டது ஒரே கேள்விதான். தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னைத் தோற்றவன் அடிமை, அடிமைக்கு உடைமை கிடையாது, உடைமை இல்லாதவன் இன்னொருவரைப் பணயம் வைக்க முடியாது என்பது ஒரு பக்கத்து நியாயம். கணவன் எந்த நிலையில் இருந்தாலும் மனைவி அவனுக்குக் கட்டுப்பட்டவள் என்பது அந்தக் காலம் ஏற்றுக்கொண்டிருந்த இன்னொரு விதி. பீஷ்மர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். தர்மம் நுட்பமானது, இதற்குத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை என்று கைவிரித்துவிட்டார். அவர் நடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். சிக்கல் உண்மையான சிக்கல்தான். ஆனால் ஒரு பெண் கூந்தலைப் பிடித்து இழுத்து வரப்பட்டு, ஒற்றை ஆடையோடு எதிரே நிற்கிறாள். அந்த நேரத்தில் நுட்பம் என்பது பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் திண்ணையாகிவிட்டது. நீ எழுந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

காந்தாரியின் மகனே, நீ எழுந்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். முதலில் பெரியவர்களைத்தான் கேட்டாய். இவள் கேள்விக்கு விடை சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நமக்கெல்லாம் நரகந்தான் என்றாய். பீஷ்மரையும் திருதராட்டிரனையும் விதுரரையும் பெயர் சொல்லிக் கேட்டாய். துரோணரையும் கிருபரையும் கேட்டாய். வந்திருந்த அரசர்களிடம் அவரவர் பக்கம் எதுவோ அதையாவது சொல்லும்படி மன்றாடினாய். ஒருவரும் நல்லது, கெட்டது எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ செய்ததை வியாசர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். கையோடு கையைப் பிசைந்துகொண்டாய், பெருமூச்சு விட்டாய், அப்புறந்தான் பேசினாய். அந்தக் கைப்பிசைவுக்காக உன்னை நான் நேசிக்கிறேன். எதிரியைச் சாடப் போகிறவனுக்குக் கையைப் பிசையத் தோன்றாது. அண்ணன் உட்கார்ந்திருக்கிற சபையில் அண்ணனுக்கு எதிராக வாயைத் திறக்கப் போகிற தம்பிக்குத்தான் அது வரும். அண்ணன்மேல் பாசம் இல்லாமல் போயிருந்தால் உனக்கு அது மிகச் சுலபமான பேச்சு.

விகர்ணா, அடுத்த கடன் நீ சொன்ன காரணங்களுக்கு. ஆவேசப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். நீ வாதம் வைத்தாய். வேட்டை, குடி, சூது, அளவுமீறிய பெண்ணாசை என்று அரசர்க்கு நான்கு தீய பழக்கங்கள். இவற்றில் மூழ்கியவன் செய்கிற காரியத்தை முறையான காரியமாக உலகம் எடுத்துக்கொள்ளாது என்றாய். சூது வெறியில் வைத்த பணயம் பணயமே இல்லை என்பது இதன் பொருள். திரௌபதி ஐவருக்கும் உரியவள், ஒருவன் மட்டும் அவளை எப்படி வைக்க முடியும் என்றாய். தருமன் தன்னைத் தோற்ற பிறகுதான் அவளை வைத்தான் என்றாய். அவள் பெயரை எடுத்துக் கொடுத்ததே எதிரே ஆடிய சகுனிதான் என்றும் சொன்னாய். ஆகவே அவள் வெல்லப்படவில்லை என்று முடித்தாய். இன்றைய வழக்கறிஞர் இதைவிட நன்றாக வாதாட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவன் மதிமயங்கிய நிலையில் செய்த ஒப்பந்தம், அவனுக்குத் தனி உரிமை இல்லாத பொருள், அதிகாரம் இழந்தபின் செய்த காரியம், எதிர்த்தரப்பின் தூண்டுதல் என நீ தொட்ட நான்கு இடமும் இன்றும் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய இடங்கள். அவளை ஒருவருக்கோ ஐவருக்கோ உரிமையானவள் என்று பேசியதில் உன் காலத்தின் குறை இருக்கிறது. அந்தக் குறையோடுதான் உன்னை ஏற்றுக்கொள்கிறேன். உன் கையில் இருந்த சட்டத்தைக்கொண்டே அவளை விடுவிக்கப் பார்த்தாய்.

நண்பனே, இராவதி கார்வே தன் ‘யுகாந்தா’ நூலில், அந்தச் சபையில் அந்தக் கேள்வியைக் கேட்டதே திரௌபதி செய்த பெரிய தவறு என்று எழுதினார். பண்டிதையைப்போலச் சட்டம் பேசாமல் ஒரு பெண்ணுக்குரிய மரியாதையைக் கேட்டு முறையிட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தருமன் எந்த விடை சொன்னாலும் ஏதோ ஒன்று நொறுங்கும்படி அந்தக் கேள்வி அவனை மடக்கிவிட்டது என்பதையும் அவர் கண்டு சொன்னார். பின்னது மிகச் சரி. முன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் அழுது முறையிட்டிருந்தால் சபை இரக்கப்பட்டிருக்கலாம், பட்டிருக்காமலும் இருக்கலாம். கேள்வி கேட்டதால்தான் சபையில் இருந்த ஒவ்வொருவரும் விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஆனார். அந்தக் கடமையை அந்த நேரத்தில் தன்னுடையதாக எடுத்துக்கொண்டவன் நீ ஒருவன்தான். அவள் கேள்வியை அவள் கேட்டபடியே, அறிவுக்கு விட்ட கேள்வியாக மதித்து நீ விடை சொன்னாய். அதுவும் ஒரு மரியாதைதான்.

விகர்ணா, அதன் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை தயங்குகிறது. நீ பேசி முடித்ததும் சபை ஆரவாரித்தது. உன்னைப் புகழ்ந்தார்கள், சகுனியை இகழ்ந்தார்கள். ஒரு கணம் எல்லாம் மாறிவிடும்போல இருந்தது. அந்த ஆரவாரம் அடங்கியதும் கர்ணன் எழுந்தான். கோபத்தோடு உன் கையைப் பிடித்தான். நீ பாலன், துரியோதனனுக்கு இளையவன், பெரியவர்கள் பேசாமல் இருக்கும் இடத்தில் பக்குவமில்லாமல் பேசுகிறாய், உனக்குத் தர்மம் தெரியாது என்றான். தருமன் தன்னுடையதெல்லாவற்றையும் வைத்தபோதே இவளும் அதில் அடக்கம் என்று எதிர்வாதமும் செய்தான். பேச்சின் முடிவில் துச்சாதனனைப் பார்த்து, இவர்கள் ஆடைகளைக் களை என்றான். உன் நியாயத்துக்கு வந்த உடனடிப் பலன் அதுதான். நீ பேசாமல் இருந்திருந்தால் துகிலுரிதல் நடந்திருக்காதோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கேள்வியோடு வெகுநாள் இருந்திருக்கிறேன். நல்ல சொல் கெட்ட விளைவைக் கூப்பிட்டுக்கொண்டு வரும் என்று தெரிந்தால் பேசலாமா? இன்று என் விடை: பேசலாம். ஏவிய வாயும் உரிந்த கையும் வேறு ஆட்களுடையவை. அந்தப் பாவத்தை எழுந்து நின்றவன் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை.

விகர்ணா, உன் சொல் அந்தச் சபையில் முற்றிலும் வீணாகிவிடவில்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் விதுரர். துகிலுரிதலுக்குப் பிறகு அவர் எழுந்து, விகர்ணன் தன் அறிவுக்கு எட்டியபடி விடை சொல்லிவிட்டான், நீங்களும் உங்கள் அறிவுக்கு எட்டியபடி சொல்லுங்கள் என்று உன் பெயரை எடுத்தார். அதோடு பிரகலாதன் கதை ஒன்றையும் சொன்னார். நரசிம்மத்தைக் கூப்பிட்ட குழந்தைப் பிரகலாதனைத்தான் எங்களுக்குத் தெரியும். இது அவன் தந்தையான பிறகு வரும் கதை. அவன் மகன் விரோசனனும் சுதன்வன் என்ற அந்தணனும் ஒரு பெண்ணின் பொருட்டு, யார் உயர்ந்தவன் என்று உயிரையே பணயம் வைத்துப் பிரகலாதனிடம் வந்து நின்றார்கள். மகனுக்கு எதிராகச் சொன்னால் மகன் சாவான். பொய் சொன்னாலோ, வாய்மூடி இருந்தாலோ தர்மம் சாகும். அவன் காசியபரிடம் போய் யோசனை கேட்டான். சபையில் ஓர் அநீதி நடக்கும்போது இகழவேண்டியதை இகழாவிட்டால், பாவத்தில் பாதி சபைத் தலைவனுக்கு, கால்பங்கு செய்தவனுக்கு, மீதிக் கால்பங்கு பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கு என்றார் காசியபர். செய்தவனுக்குக் கால்பங்குதான் என்பதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். பிரகலாதன் மகனுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னான். சுதன்வன் மனமிரங்கி விரோசனனை உயிரோடு திருப்பிக் கொடுத்தான். விதுரர் இவ்வளவு சொல்லியும் அரசர்கள் பேசவில்லை. கடைசியில் திருதராட்டிரனை இளகவைத்தவை வேள்விச்சாலையில் ஊளையிட்ட நரிபோன்ற தீய நிமித்தங்கள்தான். பயந்துபோய்த் திரௌபதிக்கு வரம் கொடுத்தான். தர்மம் அங்கே வாதத்தால் வெல்லவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

தம்பி விகர்ணா, உன்னைத் தெரிந்துவைத்திருந்ததால் என் வீட்டு மனிதர் ஒருவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. அதற்கும் நன்றி சொல்ல வேண்டும். தாத்தா போன பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தது. நிலம் தாத்தாவின் சுயார்ஜிதம். உயில் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைக்கும் ஆண்மக்களுக்குச் சமமான பங்கு உண்டு. ஆனால் அவர் கையெழுத்துக்காக விடுதலைப் பத்திரம் தயாராகத் தட்டச்சுச் செய்து வந்திருந்தது. நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்பது கூடத்தின் பொதுக் கருத்து. பெரியவர்கள் எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா மட்டும், “அக்கா, உனக்கு இதுல பங்கு இருக்கு. தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடு” என்றார். பெரியப்பாவின் குரல் உயர்ந்தது: “நீ சின்னவன். உக்காரு.” அன்று அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. சித்தப்பா பின்னர் தன் பங்கிலிருந்து ஒரு பகுதியை அக்கா பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பெரியப்பாவோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சிறுநீரகம் கெட்டபோது வாரந்தோறும் டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் இவர்தான். அண்ணன் செய்தது தவறு என்று கடைசிவரை சொன்னார், அண்ணனுக்குச் செய்யவேண்டியதையும் கடைசிவரை செய்தார். பாரதத்தை அவர் புரட்டிப் பார்த்ததுகூட இல்லை. உன் கதை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அவரை இரண்டு பக்கமும் நல்லபேர் எடுக்கப் பார்ப்பவர் என்று மற்றவர்களைப்போல நானும் நினைத்திருப்பேன்.

விகர்ணா, ஒன்றில் உன்னோடு நான் உடன்படவில்லை. அதையும் உன்னிடம் சொல்லலாம், நீ கோபித்துக்கொள்ளமாட்டாய். போர் தொடங்கும் காலையில் தருமன் இரு படைகளுக்கும் நடுவே நின்று, எங்கள் பக்கம் வர விரும்புகிறவர் வரலாம் என்று அழைத்தான். உன் தந்தைக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்த யுயுத்சு படையைக் கடந்து போனான். நீ போகவில்லை. பீஷ்மரும் துரோணரும் தாங்கள் கௌரவர் பொருளுக்குக் கட்டுப்பட்டுவிட்டதாகத் தருமனிடமே வெளிப்படையாகச் சொன்னார்கள். நீ ஏன் நின்றாய் என்று நீ சொன்னதாக எதுவும் இல்லை. எங்கள் தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்பார்கள். கம்பனின் கும்பகருணனை இந்த மண் இவ்வளவு நேசிப்பது அதனால்தான். அண்ணனுக்கு நல்லது எடுத்துச் சொன்னான், அண்ணன் கேட்கவில்லை, அண்ணனுக்காகவே செத்தான். உன்னை அவன் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். ஆனாலும் அந்தக் காலையில் சரியான வழியில் நடந்தவன் யுயுத்சுதான் என்பது என் முடிவு. சபையில் உண்மை எதுவென்று அறிந்து சொன்னவன், களத்தில் அந்த உண்மைக்கு எதிர்வரிசையில் வில் பிடித்திருக்க வேண்டியதில்லை. சகோதரப் பாசத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லை சபையிலேயே தாண்டப்பட்டுவிட்டது.

ஆனால் விகர்ணா, நீ எடுத்த முடிவு தவறென்று நினைத்தாலும் நீ சுமந்ததை நான் குறைத்து மதிக்கவில்லை. வேள்வி விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள், இரண்டு விதிகள் சம வலுவோடு மோதினால் ஏதாவது ஒன்றைச் செய்யலாம் என்று விகற்பம் சொன்னார்கள். அதிராத்திர வேள்வியில் சோடசிக் கிண்ணத்தை எடு என்றும் எடுக்காதே என்றும் வேதத்தில் இருக்கிறது. எப்படிச் செய்தாலும் வேள்வி நிறைவேறும். அவர்களே விகற்பத்தில் எட்டுக் குற்றம் கண்டு, வேறு வழியே இல்லாதபோதுதான் அதை ஏற்றார்கள். வேள்விக்கு அது போதும். வாழ்க்கையில், எடுக்காமல் விட்ட கடமை அங்கேயே நின்றுகொண்டிருக்கும். பிமல் கிருஷ்ண மதிலால் மகாபாரதத்தின் தர்மசங்கடங்களுக்கென்றே ஒரு கட்டுரைத் தொகுதியை 1989இல் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட நூல்களோடு நான் பல இரவுகள் இருந்திருக்கிறேன். கடைசியில் உன்னிடந்தான் திரும்பி வருவேன். நீ உண்மைக்கும் அண்ணனுக்கும் இரண்டு வேறு நாட்களில் இரண்டு வேறு விலை கொடுத்தாய். ஒன்றைக் கொடுத்ததால் மற்றொன்று தீர்ந்துவிட்டது என்று நீ நினைக்கவில்லை.

விகர்ணா, போரின் பதினான்காம் நாளை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அர்ச்சுனனிடமிருந்து சயத்ரதனைக் கௌரவர்கள் காக்கும் நாள். பீமனிடம் கர்ணன் மாட்டிக்கொண்டு திணறுகிறான். அவனைக் காப்பாற்ற உன் அண்ணன் ஏழு தம்பிகளை அனுப்பினான். ஏழு பேரில் நீ ஒருவன். சபையில் உன் கையைப் பிடித்து, பாலன் என்று இகழ்ந்த அதே கர்ணனைக் காப்பாற்றத்தான் நீ போனாய். பீமன் ஏழு பேரையும் கொன்றான். மற்றவர்களுக்கு அழாதவன் உனக்கு அழுதான். உங்கள் எல்லோரையும் கொல்வதாகச் சபதம் செய்தேன், அதனால் உன்னையும் கொல்லும்படி ஆயிற்று, நீ எங்கள் நன்மையையே நினைத்தவன், சத்திரிய தர்மத்தை நினைத்துக் களத்துக்கு வந்துவிட்டாயே என்று புலம்பினான். திரௌபதிக்காக வாய் திறந்தவனைத் திரௌபதியின் கணவன் கொன்றான். சபதத்தைக் காத்தால் நன்றி கெடும், நன்றியைக் காத்தால் சபதம் கெடும் என்ற இடத்தில் பீமன் நின்றான். சபதத்தைக் காத்தான், நன்றியைக் கண்ணீராகக் கொடுத்தான். அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வெற்றிக் களிப்புக்கு நடுவே அவன் அதையாவது கொடுத்தானே என்றும் தோன்றுகிறது.

விகர்ணா, உன்னை எங்கள் மொழியில் மறந்துபோகாமல் காத்தவர்களுக்கும் இந்த மடலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகத்தை 1912இல் வெளியிட்டார். நீ பேசும் பகுதி இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. 1921இல் அவர் மறைந்த பிறகுதான் அது அச்சேறியது. நீ பேசுவதற்கென்றே அதில் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவில் கூத்து நடக்கும். துகிலுரிதல் நாளில் கூட்டம் நிரம்பி வழியும். பெண்கள் கண்ணீர் விட்டு அழுவார்கள்.

அந்த மேடைகளில் பாரதம் சொல்லும் பெரியவர்களுக்கு, விகர்ணா, உன் சார்பாக ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நேரம் போதவில்லை என்று விகர்ணன் பேச்சைச் சுருக்கிவிடாதீர்கள். கர்ணன் அவன் கையைப் பிடிப்பதற்கு முன்னால் சபை அவனுக்காக ஆரவாரித்த இடத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். தர்மம் எது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதைக் கேட்க வந்த பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உனக்குக் கடன்பட்ட,
ஒரு வாசகன்